பெண்ணின் பெற்றோருக்கு ஓர் அறை

“மிஸ்டர் அண்ட் மிஸஸ் காந்திமதிநாதன். ஒரு ரூம், பெரிய கட்டில். ஓகேவா மேம்?” என்று ஷெர்லின் கேட்டாள். ஓகே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இருங்க” என்று வந்துவிட்டது. அவள் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணக் கூட்டங்களைக் கவனிப்பதற்கென்றே இந்த ஓட்டலில் வைத்திருக்கும் பெண். கழுத்தில் சின்னச் சிலுவை, நாகர்கோவில் பக்கத்துப் பேச்சை மறைத்து மறைத்துப் பேசுகிறாள். காலையிலிருந்து எங்கள் சொந்தக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள், ஒரு பெயருக்கும் முகம் சுளிக்கவில்லை. மகள் நித்திலாவின் கல்யாணத்துக்காக மரக்காணம் தாண்டி இந்தக் கடற்கரை ஓட்டலில் மொத்தமாக அறைகளைப் பிடித்து வைத்திருந்தோம். இன்று மத்தியானத்துக்குள் எந்த அறைக்கு யார் என்று சொல்லிவிட வேண்டும். பெயர் சொல்லாத அறையைப் பல் டாக்டர்கள் மாநாட்டுக்குக் கொடுத்துவிடுவார்களாம். எல்லாருக்கும் சொல்லியாயிற்று. பூனாவிலிருந்து வரும் மாப்பிள்ளை அபிஜீத் வீட்டாரை ஒரு வரிசையாக, எங்கள் பக்கத்தாரை இன்னொரு வரிசையாக, முழங்கால் வலிக்காரர்களைக் கீழ்த்தளத்தில், கைக்குழந்தைக்காரர்களை லிஃப்டுக்குப் பக்கத்தில். மிச்சம் இருப்பது ஒரே ஓர் அறை. பெண்ணின் அப்பா அம்மாவுக்கு. அதற்கு மட்டும் யோசிக்க என்ன இருக்கிறது என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். “ரூமை ஒரு தடவை பாத்துட்டு வந்துரட்டுமா?” என்றேன். “தாராளமா மேம்” என்று கதவைத் திறக்கும் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். கூட வருகிறேன் என்று எழுந்தவளை வேண்டாம் என்று உட்கார வைத்தேன்.

மாடித் தாழ்வாரம் நீளமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மூடின கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இரண்டு பேர் என்று நடந்துகொண்டே நினைத்தேன். இப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த ஓட்டல் கல்யாணம் எனக்கு ஏன் ஆரம்பத்திலிருந்தே பயமாக இருந்தது என்று. செலவு என்று நினைத்தேன், தூரம் என்று நினைத்தேன், நித்திலாவிடமும் அதைத்தான் சொல்லிச் சண்டை போட்டேன். அதெல்லாம் இல்லை. கல்யாண மண்டபத்தில் பொம்பளைகள் ஒரு ஹாலில் ஜமுக்காளத்தை விரித்துப் படுப்போம், ஆம்பளைகள் மாடியில் எங்கேயாவது, சிலர் சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில். யார் புருஷன் எங்கே படுத்தான் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றாது. எத்தனை கல்யாணத்தில் நானே அப்படிப் படுத்திருக்கிறேன், சித்தி மகள் கால் என் மேல், யாரோ ஒரு குழந்தையின் ரப்பர் பால்புட்டி முதுகில் உறுத்திக்கொண்டு. விடிந்ததும் அவரவர் புருஷன் பக்கத்தில் போய் நின்று ஆசீர்வாதம் பண்ணினால் போதும். ஓட்டல் அப்படி இல்லை. ஓட்டலுக்கு ஜோடி வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கதவு, ஒரு கட்டில், ஒரு நம்பர். கல்யாணமே செய்துகொள்ளாத உலகநாதன் அண்ணாச்சியை எங்கே போடுவது என்று ஷெர்லின் காலையில் எவ்வளவு நேரம் திணறினாள். ஓர் ஆள் என்றால் அவள் கம்ப்யூட்டரே முரண்டு பிடிக்கிறது. கடைசியில் இரண்டு தனிக் கட்டில் உள்ள அறையை அவருக்குப் போட்டுவிட்டு, “இன்னொரு பெட் சும்மாதான் கெடக்கும் மேம்” என்று குறைபட்டுக்கொண்டாள்.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவர் என்றால் காந்திமதிநாதன், என் புருஷன். பாங்கிலிருந்து ஓய்வு பெற்ற மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசையைச் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “நான் கொஞ்ச நாள் தனியா இருக்கலாம்னு பாக்கேன் மங்கை” என்றார். என் முழுப்பெயர் மங்கையர்க்கரசி, அவர் மட்டும்தான் பாதியில் நிறுத்துவார். ஊருக்குப் போறேன் என்றார். நான் என்ன சொன்னேன்? அடுத்த தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். “எந்தப் பெட்டி வேணும்?” என்று கேட்டேன். அதைத்தான் கேட்டேன், இன்றுவரைக்கும் அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. சண்டை இல்லை. இன்னொருத்தி இல்லை, அதை நான் விசாரித்தே விட்டேன், என் ஆபீஸில் கூட வேலை செய்யும் தென்காசிக்காரியை விட்டு. அவர் தென்காசியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான் என்று அவள் வந்து சொன்னாள். இன்னொருத்தி இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நான் பார்ப்பது கிளெய்ம் பிரிவு. செத்துப்போனவரின் பெண்டாட்டி என்று ஒருத்தி வந்து நிற்பாள், அவள் பின்னாலேயே இன்னொருத்தி வருவாள், இரண்டு பேரிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும், அழுகை இருக்கும். எனக்கு ஒன்றுமில்லை. என் புருஷன் தனியாக இருக்கப் போய்விட்டார் என்று எப்படி ஒரு மனுஷியிடம் சொல்வது? எதனால் என்று கேட்பார்களே.

அதனால் தோப்பு என்று சொன்னேன். பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு, அவருக்கும் அவர் அக்கா கோமதி மதினிக்கும் பங்கு. மறுநாளே நங்கநல்லூரில் இருக்கும் மதினிக்குப் போன் போட்டு, “தோப்பைப் பாத்துக்கிட ஆள் இல்லன்னு அவுக ஊருக்குப் போயிருக்காவ மதினி” என்றேன். “நல்லதுதான், காத்தோட்டமா இருக்கும்” என்றாள் மதினி. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பொய்க்குத் தீனி போட வேண்டியிருந்தது. தோப்பில் வண்டு விழுந்திருக்கிறது என்றேன், மோட்டார் ரிப்பேர் என்றேன், அதனால்தான் பொங்கலுக்கு வர முடியவில்லை என்றேன். கோயம்பேட்டில் சாக்கு நிறையத் தேங்காய் வாங்கி, எங்க தோப்புக் காய் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினிக்கும் கொடுத்தேன். வீட்டில் அவர் துண்டு இன்னும் கொடியில்தான் தொங்குகிறது. அழுக்கே ஆகாத துண்டை வாரம் ஒரு தடவை துவைத்துப் போடுகிறேன். படுக்கையறையில் இரண்டு தலையணை வைத்து மெத்தையை விரித்தே வைத்திருக்கிறேன், யாராவது எட்டிப் பார்த்தால் தெரியட்டும் என்று. நான் படுப்பது ஹாலில், டிவிக்கு எதிரில் இருக்கும் திவானில். இதையெல்லாம் கஷ்டம் என்று நினைத்ததே கிடையாது. காலையில் எழுந்து வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல, ஒரு வேலை.

அட்டையைத் தேய்த்ததும் கதவில் பச்சை விளக்கு எரிந்தது, ஆனால் திறக்கவில்லை. மறுபடி தேய்த்து, கைப்பிடியைக் கீழே அழுத்த வேண்டும் என்று கண்டுபிடித்து உள்ளே போனேன். பெரிய கட்டில்தான். எங்கள் வீட்டுக் கட்டிலைப்போல ஒன்றரை மடங்கு இருக்கும். வெள்ளை விரிப்பு, நான்கு தலையணை, இரண்டு பேருக்கு எதற்கு நான்கு. ஜன்னல் பக்கம் திரையை விலக்கினால் கடல் நேராகத் தெரியவில்லை, சவுக்கு மரங்களுக்கு நடுவில் ஒரு துண்டு தெரிந்தது. நான் கட்டிலின் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அது நான் முப்பது வருஷம் படுத்த பக்கம். எழுந்துபோய் வலது ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சங்கடமாக இருந்தது, யாரோ வந்து எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. இந்த அறையில் இரண்டு ராத்திரி அவரும் நானும். முதலில் யார் குளிப்பது? புடவையை எங்கே மாற்றுவது, குளியலறைக் கதவு பாதிக்குமேல் கண்ணாடி. இந்தக் கண்ணாடிக் கதவை எந்த மகராசன் கண்டுபிடித்தான். அவர் மாத்திரை போடுவாரா இப்போது, பிரஷர் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. எனக்குச் சர்க்கரை வந்தது அவருக்குத் தெரியாது. படுத்த பிறகு விளக்கை யார் அணைப்பது? இருட்டில் அவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், தூங்கிவிட்டாரா தூங்குவதுபோலக் கிடக்கிறாரா என்று யோசித்துக்கொண்டு. அவர் இருந்த கடைசி வருஷங்களில் அப்படித்தான் கிடந்தேன். அப்போது பழக்கம் இருந்தது. இப்போது அது விட்டுப்போயிற்று.

ஒரே அறை இல்லையென்றால்? அதை நினைத்ததுமே கோமதி மதினி முகம்தான் வந்தது. கல்யாண வீட்டில் மதினி ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். மல்லிகைப்பூ கொடுக்க வருவேன், சேஃப்டி பின் கேட்க வருவேன் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். “தம்பி எங்க?” என்பாள். கீழே போயிருக்காவ என்று எத்தனை தடவை சொல்வது? விடிகாலையில் காப்பியோடு வந்து நின்றால்? அவர் வேறொரு அறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவதைத் தாழ்வாரத்தில் யாராவது ஒருத்தர் பார்த்தால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பந்தி முழுக்கப் பரவிவிடும். மாப்பிள்ளை வீட்டார் வேறு மொழிக்காரர்கள், ஆனால் இதற்கெல்லாம் மொழி வேண்டுமா. மூன்று வருஷம் ஒரு பொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து, பெண்ணைத் தாரை வார்க்கும் அன்றைக்கா கொட்ட வேண்டும்.

போன் அடித்தது. நித்திலா. “அம்மா, முடிஞ்சுதா? எனக்கு இப்ப மீட்டிங், சீக்கிரம் சொல்லு.” ஒரு அறைதான் பாக்கி, அப்பாவும் நானும் என்றேன். “ஒண்ணாவே போட்டுருமா. பேருக்குத்தானே. ராத்திரி அப்பா பசங்க ரூமுக்குப் போயிருவாரு.” எந்தப் பசங்க என்று கேட்டேன். “அபிஜீத் ஃப்ரெண்ட்ஸ். அவனுங்க தூங்கவே மாட்டானுங்க, அப்பா ஒரு ஓரமாப் படுத்துக்கலாம்.” கல்யாணப் பெண்ணின் அப்பா, அறுபது தாண்டிய மனுஷர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைத் தோழன்கள் பீர் குடிக்கும் அறையில் ஓர் ஓரம் தேடுவதை நினைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது, அதுவும் அவர்மேல். “அபிஜீத் வீட்டுல எங்களைப் பத்தித் தெரியுமாடி?” என்றேன். “அம்மா, அவங்க அதெல்லாம் கேக்கவே இல்ல. நீதான் யாராவது கேப்பாங்க கேப்பாங்கன்னு… சரி, வச்சிடறேன். அப்பாட்ட நீயே கேளேன், ரெண்டு பேரும் பெரியவங்கதானே.” வைத்துவிட்டாள். அப்பாட்ட நீயே கேளேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது இந்தப் பெண். மூன்று வருஷமாக அவரும் நானும் எதுவானாலும் இவள் வழியாகத்தான். மாப்பிள்ளை பார்த்துப் பிடித்தது, நாள் குறித்தது, பத்திரிகையில் பெயர் போட்டது, எல்லாம் சென்னையிலிருந்து இவள் வேலை பார்க்கும் பூனா போய்த் தென்காசிக்குப் போகும்.

போனில் அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. அழுத்திவிட்டு உடனே நிறுத்தலாமா என்று நினைத்தேன், அதற்குள் எடுத்துவிட்டார். “சொல்லு மங்கை” என்றார், நேற்றுத்தான் பேசினதுபோல. குரல் மாறவில்லை. பின்னால் ஏதோ தாளிக்கிற சத்தம். “ஓட்டல்ல இருக்கேன். எல்லாருக்கும் ரூம் போட்டாச்சு. நமக்கு ஒண்ணுதான் மிச்சம். அதான் எப்படின்னு…” “நான் எங்கன்னாலும் படுத்துக்கிடுதேன்.” எனக்குச் சுரீரென்று வந்தது. “எங்கன்னாலும்னு இங்க எழுத முடியாதுங்க. அந்தப் பொண்ணு பேரு கேக்கா” என்றேன். “அப்ப ஒண்ணாவே போட்டுரு. ரெண்டு ராத்திரிதான? நான் கீழ விரிச்சுப் படுக்கேன்.” “முதுகுக்கு ஆகுமா உங்களுக்கு?” கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். நான் அவசரமாக, “இல்ல, மதினி அடிக்கடி ரூமுக்கு வருவாவ, கீழ பாயைப் பாத்துட்டாவன்னா ஏதாவது நெனைப்பாவ. அவுகளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிரப்படாதே” என்றேன்.

“அக்காவுக்கா?” என்றார். கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “அக்காவுக்குத் தெரியுமே மங்கை.” “என்ன தெரியும்?” “எல்லாந்தான். மொத ஒரு மாசம் அக்கா வீட்டுலதான இருந்தேன். நீ தோப்புக்குப் போயிருக்காவன்னு போன் பண்ணினியே, அப்ப நான் அங்கனதான் காப்பி குடிச்சிக்கிட்டிருந்தேன்.” கட்டிலின் வலது ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஏசியின் காற்று நேராகக் கழுத்தில் விழுந்தது. “வேற யாருக்குத் தெரியும்?” என்றேன். “எல்லாருக்கும்தான். தோப்பைக் குத்தகைக்கு விட்டே அஞ்சாறு வருசம் ஆச்சு, ஊர்ல இருக்கவங்களுக்குத் தெரியாதா?” “குத்தகைக்கு விட்டதே எனக்குத் தெரியாதே. யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே.” “அக்காதான் சொல்லிச்சு. அவளாச் சொல்லும்போது சொல்லட்டும், யாரும் போய்க் கேக்கப்படாதுன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கு.” பிறகு, “இரு, அடுப்பை அமத்திட்டு வாரேன்” என்று போனை எங்கேயோ வைத்துவிட்டுப் போனார். நான் பார்த்தே இராத அந்த வீட்டில் அவர் செருப்பில்லாமல் நடப்பது கேட்டது. எதையோ தட்டால் மூடினார். குழாயைத் திறந்து மூடினார். நான் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பி வந்ததும், “ஏங்க போனீங்க?” என்று கேட்டேன். யோசித்துக் கேட்கவில்லை. சமையல் என்ன என்று கேட்கிற மாதிரிதான் வந்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவது கேட்டது. “அதை எப்படிச் சொல்ல. வீட்டுல நான் இருந்தாலும் இல்லேன்னாலும் ஒண்ணு மாதிரித்தான் இருந்துச்சு. உன்மேல கோவம்னு இல்ல.” “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்றேன், “நான் எங்க போனேன்?” “அதுவும் சரிதான்” என்றார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அவரும் நானும் கடைசியாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எப்போது என்று தேடிப் பார்த்தேன், நித்திலாவுக்குப் பெயர் வைத்ததில்தான் போய் நின்றது. “ரூம் விசயம் நானே பாத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வைத்த பிறகுதான் சூடு ஏறியது. மதினியின் சமையலறை மேடையில் தேங்காய்களை அடுக்கிவிட்டு, “இந்தத் தடவை காய் கொஞ்சம் சிறுத்துப் போச்சு மதினி” என்று சொன்னேனே, மதினி ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “தண்ணி நல்லாத்தான இருக்கு” என்றாளே. தோப்புக்காரர் வீட்டில் பிறந்தவள். கோயம்பேட்டுச் சாக்கு நாரைத் தேங்காயிலேயே பார்த்திருப்பாள். வண்டுக்கு வேப்பம்புண்ணாக்கு வைக்கச் சொன்னாள் மதினி, மோட்டார் ரிப்பேருக்கு ஆள் பெயர் சொன்னார் அவள் வீட்டுக்காரர். இல்லாத வண்டுக்கும் ஓடாத மோட்டாருக்கும் உட்கார்ந்து வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள், காப்பி கொடுத்து. நான் கிளம்பின பிறகு சிரித்திருப்பார்களா? உச்சுக் கொட்டியிருப்பார்களா? சிரித்திருந்தால் தேவலை. இல்லை, உச்சுத்தான் கொட்டியிருப்பார்கள். அதுதான் தாங்கவில்லை. நான் எல்லாரிடமிருந்தும் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று இருந்தேன், அவர்கள் என்னிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும் என்பது நித்திலாவுக்குக்கூடத் தெரிந்திருக்கும். நீதான் யாராவது கேப்பாங்கன்னு என்று பாதியில் நிறுத்தினாளே. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது, குங்குமம் மட்டும் தண்ணீரில் கரைந்து மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. துண்டால் துடைத்தேன். அவர்களுடைய வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது. இதற்கு ஷெர்லினிடம் சொல்ல வேண்டுமா என்று ஒரு யோசனை.

அப்படியே சும்மா படுத்துப் பார்த்தேன். இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் நடுவில், காலில் செருப்போடு, பாதத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு. உட்கூரையில் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான் மாதிரி ஏதோ, தீப்பிடித்தால் தண்ணீர் கொட்டுவதாக இருக்கும். எனக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணத்துக்கு முன்னால் அக்கா தங்கைகளோடு ஓர் அறை, அப்புறம் அவரோடு, அப்புறம் குழந்தையும், ஆபீஸ் டிரெயினிங்குக்கு நாக்பூர் போனபோது ஒரு வங்காளிப் பெண்ணோடு. இப்போது வீடு முழுக்கக் காலியாகக் கிடக்கும்போது ஹால் திவானில், யாரோ வரப்போவதுபோல ஒரு பக்கமாக ஒருக்களித்து. கதவைச் சாத்திவிட்டு எனக்கே எனக்கு என்று ஓர் அறையில் நான் படுத்ததே இல்லை. இதை ஒரு குறையாகக்கூட நினைத்ததில்லை. பயம் எங்கே போயிற்று என்று பார்த்தேன். காலையிலிருந்து வயிற்றில் இருந்தது, அதைக் காணோம். அந்த இடத்தில் பசிதான் இருந்தது. சர்க்கரைக்காரி, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். எழுந்து விரிப்பைக் கையால் நீவி விட்டேன், நான் படுத்த தடம் முழுசாகப் போகவில்லை.

கீழே போனபோது ஷெர்லின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகச் சாப்பிடாமல் இருந்தாள். “ரூம் பிடிச்சிருந்துதா மேம்? மிஸ்டர் அண்ட் மிஸஸ் போட்டுரட்டுமா?” “இல்லம்மா. உலகநாதன்னு ஒருத்தருக்கு ரெண்டு கட்டில் ரூம் போட்டோமே, ஒரு கட்டில் சும்மா கெடக்குன்னியே. அதுல இவுக பேரைச் சேத்துரு. காந்திமதிநாதன்.” அவள் தட்டினாள். “அப்ப இந்த ரூம்?” “எனக்கு.” “கூட யாரு மேம்?” “யாருமில்ல. மங்கையர்க்கரசின்னு மட்டும் போடு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள், ஒரு கேள்வி கண்ணுக்குள் வந்து அப்படியே திரும்பிப் போயிற்று. பெயரை இங்கிலீஷில் எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டாள். அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். துண்டில் குங்குமம் ஆனதையும் சொன்னேன். “அதெல்லாம் போயிரும் மேம்” என்றாள்.

அங்கேயே சோபாவில் உட்கார்ந்து மதினிக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் போடலாம் என்று ஒரு மனம் சொன்னது. சாப்பிட்டால் போட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். “என்ன மங்கை, ரூம்லாம் ஆச்சா?” என்றாள் மதினி. “ஆச்சு மதினி. உங்களுக்கும் உங்க வீட்டு அண்ணாச்சிக்கும் கீழ்த்தளத்துல. உங்க தம்பிக்கு உலகநாதன் அண்ணாச்சிகூட. நான் மாடியில தனியா ஒரு ரூம் எடுத்திருக்கேன்.” மதினி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, “அவுக தோப்புல இல்ல மதினி” என்றேன். “தென்காசியில தனியா இருக்காவ. மூணு வருசமா. நாங்க சேந்து இல்ல.” சொல்லி முடித்துவிட்டு, எதிரில் கண்ணாடித் தொட்டியில் வளைய வந்துகொண்டிருந்த ஆரஞ்சு மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தெரியும் என்று சொல்வாளோ என்று பார்த்தேன். சொல்லவில்லை. “சரிம்மா” என்றாள். அப்புறம், “சாப்பிட்டியா?” என்றாள். இனிமேல்தான் என்றேன்.

வைக்கப்போகும்போது, “மங்கை” என்று கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் இருக்கிறார் போலிருக்கிறது. “அந்த மாடி ரூம்ல எனக்கு ஒரு எடம் கெடக்குமா? இந்த மனுசன் ஏசியைப் பதினெட்டுல வச்சுக்கிட்டு விடிய விடியச் செய்தி பாப்பாரு. நாப்பது வருசமா ஒரு நாள் நிம்மதியாத் தூங்கல நான்.” நான் சிரித்துவிட்டேன். ஷெர்லின் டப்பாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாங்க மதினி, இது என்ன கேள்வி என்று சொல்லத்தான் வந்தது, அப்படிச் சொல்லித்தான் பழக்கம். அந்தப் பெரிய கட்டிலை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.

“மொத நாள் வாங்க மதினி” என்றேன். “கல்யாணத்தன்னைக்கு ராத்திரி மட்டும் நான் தனியா இருந்துக்கிடுதேன்.”

“சரி” என்றாள் மதினி. “அன்னைக்கு நான் கதவைத் தட்ட மாட்டேன்.”